கிழித்ததை ஒட்டினேன்

ஜனவரி 12, திங்கள்

காலையிலிருந்து மழை. குடை உடைந்துவிட்டது.

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான். அந்தரங்கமாக எழுதிய எதுவும் கடைசிவரை அந்தரங்கமாக இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். வாயால் கேட்க வராததை எழுதிப் பார்த்துக்கொண்டால் ஓரளவு கேட்க வருகிறது. அதற்குத்தான் இந்த நோட்டு. பென்சிலில்தான் எழுதுகிறேன். ஆவண அறையில் பேனா கூடாது, வீட்டிலும் அதுவே பழகிவிட்டது.

இன்று வந்தது: துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று. கொண்டு வந்தவர் உலு திராமில் இருக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டி. அவருடைய கொள்ளுத்தாத்தா சாமுவேல் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜொகூருக்கு வந்து, ஒரு காப்பித் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுகிறவராக இருந்தவர். பெட்டியில் இருப்பவை அவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள். ஆயிரத்து எண்ணூறுகளின் கடைசி. எங்கள் அறைக்கு இவ்வளவு பழைய தமிழ்க் கடிதங்கள் வந்ததே இல்லை. இது ஒரு தேவாலயத்தின் பழைய காகிதங்களுக்கான அறை. இருப்பவை பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவுகள்தான்.

ஸ்டெல்லா ஆன்ட்டி பெட்டியை மேசைமேல் வைத்தார். "பாத்து தொறம்மா. உள்ள பல்லி செத்துக் கிடந்தாலும் அது எங்க குடும்பச் சொத்து."

என் மேலதிகாரி மிஸ் ரெபேக்கா துருவைப் பார்த்து முகம் சுளித்தார். "வீட்டுல எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்டுல எங்க மிஸ் வச்சோம்? கார் போர்ச்ல, செருப்பு ரேக் மேல. அம்மா காலத்துலயும் வெளியதான். உள்ள கொண்டு வந்தா அடி விழும். ஏன்னு கேட்டா அதுக்கும் ஒரு அடி."

அவர் போனபின் மிஸ்: "நூறு வருஷத்துக்கு மேல மழைச்சாரல்ல வச்சிருக்காங்க. என்ன மனுஷங்க!"

நன்கொடைக் கடிதத்தில் ஆன்ட்டி கையெழுத்துப் போடுவது 30ஆம் தேதி. அதுவரை பெட்டி அவருடையது. என் ஒப்பந்தம் முடிவதும் இந்த மாதக் கடைசியில். நீட்டிப்பார்களா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மழை.

கடிதங்கள் எல்லாம் ஒரே கை. எழுதியவள் சாமுவேலின் அக்காள் ஞானம்மாள். மிஷன் பள்ளியில் படித்தவளாக இருக்க வேண்டும்; எழுத்து உருண்டையாக, வரி கோணாமல் இருக்கிறது. மாடு ஈன்றது, கிணறு வற்றியது, உபதேசியார் மகளுக்குக் கல்யாணப் பேச்சுக்கால் நடக்கிறது, நீ ஏன் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில் முடிகிறது: "நீ வருமட்டும் வாசற்கதவைச் சாத்துவதில்லை."

முதல் கடிதத்தில் அது பாசமாகத் தெரிந்தது. நாலாவதிலோ ஐந்தாவதிலோ படிப்பதை நிறுத்திவிட்டு என் பின்னால் இருந்த கதவைப் பார்த்தேன்.

மாலை அக்கா போன் செய்தாள். குளுவாங் பக்கம் லாயாங் லாயாங்கில் தனியாக இருக்கிறாள். அம்மா அப்பா போனபின் குளுவாங் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டி என்னைப் படிக்க வைத்தவள்.

"பொங்கலுக்கு வர்றியா, இல்லையா?"

"வேலை இருக்குக்கா."

"அலமாக், பெரிய மந்திரி! தாமான்ல அக்கம்பக்க வீட்டுல எல்லாரும் கேக்குறாங்கடி. என் தங்கச்சி ஜேபி டவுன்ல பெரிய ஆபீஸ்ல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு தடவ வந்து முகத்தக் காட்டிட்டுப் போ."

ஒப்பந்த வேலை என்று அவளிடம் சொல்லவில்லை. அதனால்தான் போகவும் இல்லை.

"சரி, எப்ப வேணா வா. கதவு தொறந்துதான் கிடக்கும்" என்று வைத்துவிட்டாள். எப்போதும் சொல்வதுதான். கம்பிக் கதவை மட்டும் சும்மா சாய்த்துவிட்டு மரக்கதவை விரியத் திறந்து வைப்பாள். இன்று அது காதில் வேறு மாதிரி விழுந்தது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வாடகை அறையில் மேகி. அக்கா பொங்கல் பானைப் படம் அனுப்பினாள். ஒரு இதயம் திருப்பி அனுப்பினேன்.

வேலையில்: பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே, ஒரு காகித உறை. உள்ளே நகம் அளவுத் துண்டுகள், ஒரு கைப்பிடி. யாரோ ஒரு கடிதத்தைச் சுக்கலாகக் கிழித்திருக்கிறார்கள், வேறு யாரோ பொறுக்கி வைத்திருக்கிறார்கள்.

மிஸ்ஸுக்கு மகிழ்ச்சி. "டேவிகா, இது உனக்கு. பொறுமை உனக்குத்தான் இருக்கு."

ஒட்டும் முறை: துண்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். முன்பக்கம் பார்க்கக் கூடாது. கிழிந்த ஓரத்தின் நாரைப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். முதுகில் மெல்லிய ஜப்பான் தாள், கோதுமை மாவுப் பசை. மிஸ் முதல் வாரமே சொல்லித் தந்தது: "வாசிக்காத. வாசிச்சா உனக்கு என்ன வேணுமோ அப்படிச் சேத்துருவ."

அதனால் வாசிக்கவில்லை. அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

முடிந்தது. விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை. ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. நடுவில் கட்டைவிரல் அளவு ஓட்டை. பெட்டி, துணி, உறை எல்லாவற்றிலும் தேடியாகிவிட்டது.

கண்ணாடிக்கு அடியில், பாரம் வைத்து, கவிழ்த்தபடியே காய்கிறது. மிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப அழகு." இந்த வேலைக்கு வந்தபின் முதல் பாராட்டு. முகம் சுட்டது. கழிப்பறைக்குப் போய் நின்றேன்.

வாங்க: குடை, 2B பென்சில், சோப்பு.

ஜனவரி 21, புதன்

காலையில், கடிதங்களை வைத்துப் பூட்டும் பெட்டக அறையின் இரும்புக் கதவு திறந்திருந்தது. நேற்று நான்தான் பூட்டினேன். பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை மிஸ்ஸிடம் கொடுத்தேன்.

மிஸ்: "குளிர்சாதன ஆளுங்க வந்திருப்பாங்க."

அவர்கள் வரவில்லை என்று காவலர் பாக் சமாட் சொன்னார். தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த மலாய்க்காரர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார், எப்போதும்போல 'அடிக்', தங்கச்சி என்று.

"அடிக், வெளிய நிக்கிறது உன் அக்காவா?"

"எங்க?"

"வாசல்ல. ஏழு மணிக்கே வந்துட்டாங்க. முழுக்க நனைஞ்சிருந்தாங்க. உள்ள வந்து உக்காருங்கன்னேன். வரல. தட்டவும் இல்ல, பேசவும் இல்ல. சும்மா கதவையே பாத்துக்கிட்டு நின்னாங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தடி நடைபாதையில் யாரும் இல்லை. தரை மட்டும் ஓரிடத்தில் ஈரம். மழை நேற்று இரவே நின்றுவிட்டது.

"ஏன் என் அக்கான்னு நெனச்சீங்க?"

"உன் மூஞ்சிதான், அடிக். கொஞ்சம் வயசான மூஞ்சி."

ஜனவரி 22, வியாழன்

கதவு மறுபடி திறந்திருந்தது. மிஸ் பூட்டுக்காரரை வரச்சொன்னார். பூட்டில் பழுதில்லை. கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

 பாக் சமாட்டிடம் நான் கேட்கவில்லை. தேநீரை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குடித்தார்.

ஜனவரி 23, வெள்ளி

கடிதம் காய்ந்துவிட்டது. நிமிர்த்தினோம்.

ஞானம்மாளின் கை அல்ல. அவசரமான ஆண் எழுத்து. மிஸ்ஸுக்குப் பழைய கையெழுத்து பழக்கமில்லை. நான்தான் வாசிக்க வேண்டும். நின்றுகொண்டே வாசித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

"தம்பி சாமுவேலுக்கு. இதை வாசலில் நின்று வாசி. வாசித்தவுடன் கிழித்துப்போடு. வீட்டுக்குள் கொண்டுபோகாதே. உன் அக்காள்"

அந்த இடத்தில் ஓட்டை. பெயர் இல்லை.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். கடைசிமட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடக்கம் பண்ணினபின் கதவைச் சாத்திப்போட்டோம். இனி உனக்காக ஒருவரும் காத்திருப்பதில்லை."

மிஸ்: "மை காட், இது பொக்கிஷம் டேவிகா."

 எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? எனக்குத் தெரியாத விஷயமா? எனக்கு ஆறேழு வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. அப்பா அதை வாசல் கேட் பக்கத்திலேயே நின்று படித்தார். துண்டு துண்டாகக் கிழித்துக் கால்வாயில் போட்டார். குழாயில் கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சாவுச் செய்தி வந்த காகிதம் வாசல் தாண்டக் கூடாது. கிழித்தால்தான் அந்தச் சாவு அதோடு முடியும். எங்கள் தாமானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பல்கலைக்கழகம் போனேன். கிழிந்த காகிதத்தைக் கண்டால் ஒட்ட வேண்டும் என்று மட்டும் படித்து வந்திருக்கிறேன்.

சாமுவேல் கிழித்து முடித்த சாவை நான் ஒட்டி முழுசாக்கிவிட்டேன். அவர்கள் சாத்திய கதவை...

மேலே எழுத வரவில்லை. நோட்டை இன்று என் வாடகை அறைக்குள் கொண்டுபோகப் போவதில்லை. அந்த வரிகளை இதில் எழுதிவிட்டேன். செருப்பு ரேக்கில் வைக்கிறேன்.

(ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுப் பெட்டியும் செருப்பு ரேக்கில்தான் இருந்தது. எழுதியபிறகுதான் உறைத்தது.)

ஜனவரி 26, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

ஆவண அறையில் நடக்கவிருக்கும் கண்காட்சியில் அந்தக் கடிதத்தைத்தான் நடுவில் வைக்கப் போகிறார் மிஸ். தனிக் கண்ணாடிப் பேழை, கீழே என் பெயர்: "சீரமைப்பு: டேவிகா." என் ஒப்பந்தத்தை நீட்டவும் பேசுகிறாராம்.

கேட்க வேண்டியதை எழுதி வைத்திருந்தேன்: மிஸ், அதை வைக்க வேண்டாம். கிழிக்க அனுமதி தருவீர்களா?

வாய் திறந்தேன். "மிஸ், தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது.

மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. கடிதத்தில் "உன் அக்காள்", பிறகு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் எந்தப் பெயரும் பொருந்தும். கழிப்பறையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு எடுத்தாள்.

"என்னடி, அலறிக்கிட்டே இருக்கு போனு! ஷிப்ட்ல இருந்தேன். யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மாவா? பதினேழு மிஸ்டு கால் சும்மாவா? காதல் கீதலா? இருந்தா சொல்லு, சட்டுனு பேசி முடிச்சிரலாம்."

சிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைக்காதே என்று சொன்னால், நான் வரமாட்டேன் என்று சொல்வதாக எடுத்துக்கொள்வாள். அந்தத் திறந்த கதவு ஒன்றுதான் எனக்காக அவள் பிடித்து வைத்திருப்பது.

ஜனவரி 28, புதன்

தூறல். இரும்புக் கதவு திறந்திருந்தது. மிஸ்கூட இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. வந்ததும் தாமே சாத்துகிறார்.

ஸ்டெல்லா ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்து அப்படியே வாசித்தேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல.

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம். பிறகு: "ஐயோ, அத ஒட்டிட்டியா?"

"தெரியாம ஆன்ட்டி."

"எழவுக் கடுதாசின்னு எனக்கே தெரியாதும்மா. இப்பதான் புரியுது. எங்க கொள்ளுத்தாத்தா கிழிச்சிருப்பாரு. அவரு சம்சாரம் இங்கயே பொறந்தவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்லேர்ந்து வந்த கடுதாசிய மனுஷன் கோவத்துல கிழிச்சுப்புட்டாரேன்னு பொறுக்கி வச்சிருப்பாங்க. அப்புறம் யாரோ என்னான்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு வெளிய போனதுதான் பெட்டி."

"நீங்கல்லாம் சர்ச்சுக்குப் போறவங்க. இதெல்லாம்..."

"பாஸ்டர் திட்டுவாரு. திட்டட்டும், நாங்க கிழிச்சிருவோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், மறைக்காத. பெட்டிய அங்க குடுத்ததுலேர்ந்து ஏதாச்சும் நடக்குதா?"

பெட்டியைத் திறந்ததிலிருந்து அல்ல, ஒட்டியதிலிருந்து என்று சொன்னேன்.

"வெள்ளிக்கிழம வரேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என் கடுதாசிய என் கையில குடுக்கச் சொல்லு."

ஜனவரி 30, வெள்ளி

காலை பத்து. மேகமூட்டம்.

மிஸ்ஸிடம் நானே சொன்னேன். எழுதி வைக்காமல். 

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். "டேவிகா, நாம எதையும் கிழிக்கிறவங்க இல்ல. நம்ம வேலையே அதுதானே?"

"அது இன்னும் ஆன்ட்டியோடது மிஸ்."

கையெழுத்தாகாத நன்கொடைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு கடிதத்தைத் தட்டோடு நீட்டினார். "ஸ்கேன் இருக்கு. மூணு இடத்துல இருக்கு. கிழிச்சுக்கோங்க."

வாசலில், ஐந்தடி நடைபாதையில் நின்றோம். ஸ்டெல்லா ஆன்ட்டி, நான், கொஞ்சம் தள்ளி பாக் சமாட். மிஸ் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே.

ஆன்ட்டி: "நீதான ஒட்டுன? நீயே கிழி. ஆனா மொதல்ல வாசி. நின்னு வாசிச்சாத்தான் கணக்கு."

வாசித்தேன். ஓட்டை வந்தபோது நிறுத்தினேன். "ஞானம்மாள்" என்றார் ஆன்ட்டி, சத்தமாக, தெருவைப் பார்த்து. "ஞானம்மாள்னு சொல்லு." சொன்னேன்.

கிழித்தேன். கிழியவில்லை. ஜப்பான் தாள் அவ்வளவு உறுதி. என் வேலை அவ்வளவு சுத்தம். பல்லைக் கடித்து இழுத்தேன்.

"என்ன பசைம்மா போட்ட? எங்க குடும்பமே இவ்ளோ கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்ததில்ல" என்றார் ஆன்ட்டி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கடைசியில் கிழிந்தது, பழைய கோட்டில் அல்ல, புதுசாக. கால்வாயில் போட்டோம். தண்ணீர் பாட்டிலில் கை கழுவினோம். ஆன்ட்டி உள்ளே போய் மற்றக் கடிதங்களுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நான் பாக் சமாட்டிடம் போனேன். "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க, அடிக்."

மூச்சு விட்டேன்.

"ஆனா நீங்க கிழிச்சப்ப இல்ல. காலையிலயே போயிட்டாங்க. ஏழு மணிக்கு வந்தாங்க, கதவைப் பாத்தாங்க, பஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தாங்க. நீதான் ஊருக்கு அனுப்பி வைக்கிறியோன்னு நெனச்சேன்."

மாலை கணினியை அணைக்கும்போது கடிதத்தின் ஸ்கேன் படம் திரையில் இருந்தது. முழுசாக. ஒரு கிழிசல்கூடத் தெரியவில்லை. நான் ஒட்டியது அவ்வளவு அழகு. அழிக்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

ஒப்பந்தம் பற்றி அவர் பேசவில்லை.

ஜனவரி 31, சனி

குளுவாங் பஸ்ஸில், அக்கா வீட்டுக்கு. கையெழுத்து ஆடுகிறது. நாளை தைப்பூசம், கூட்டம். நின்றுகொண்டு எழுதுகிறேன்.

அக்காவிடம் எல்லாம் சொல்லப் போகிறேன். ஒப்பந்தம், வேலை போனது, பொங்கலுக்கு வராதது ஏன் என்பது. வருகிறேன் என்றுகூட அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போதுதான் முடிவு செய்தேன்.

ஆயர் ஈத்தாம் தாண்டி மழை பிடித்தது.

சற்றுமுன் அக்காவின் குரல் பதிவு வந்தது. மூன்று முறை கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே பேசுகிறாள், அடுப்பில் தாளிக்கும் சத்தம் கேட்கிறது.

"ஏய், சொல்லாம கொள்ளாம வந்து நின்னா எப்படிடி? ஜன்னல் வழியா பாத்துட்டேன். எவ்ளோ நேரமா வாசல்ல நிக்கிற, கோழி மாதிரி நனைஞ்சுக்கிட்டு? உள்ள வா. என்ன புதுசா வெக்கம்? கதவு தொறந்துதான இருக்கு. இரு, குழம்ப எறக்கிட்டு வரேன்."

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கை அடுப்பில் இருக்கும். மெசேஜ் தட்டத் தட்ட எழுத்து தப்பாகிறது. அதனால் முதலில் இங்கே, பென்சிலில், எப்போதும்போல எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். கதவு திறந்து கிடக்கும் என்று அவள் சொன்ன பதிமூன்றாம் தேதியிலிருந்து அவளிடம் கேட்காமல் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

அக்கா, அது நான் இல்லை. கூப்பிடாதே. கதவைச் சாத்து. நான் வந்துகொண்டிருக்கிறேன், சத்தியமாக வருகிறேன். வந்து தட்டுவேன். தட்டினால் மட்டும் திற.